ஸ்டேஷன் பச்சை

"பச்சைன்னா பச்சைதான்! என் வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு எங்க அப்பா பொய் சொன்னார்ங்கறீங்களா?"

ஸ்டோர் வீட்டுப் பெரியவரின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்துகொண்டது.

"நான் சொல்லலைங்க ஐயா, ஸ்டேஷன் சொல்லுது" என்றான் மாடியில் குடியிருப்பவன். "கதவு, ஜன்னல், தூண், எங்க சுரண்டினாலும் கடைசியில சாம்பல் கலர்தான் வருது. அதுக்குக் கீழ வெறும் மரம்."

தெரு அவனுக்கு வைத்திருந்த பெயர் சுரண்டி. பழைய ரயில்வே ஸ்டேஷனைப் பழைய மாதிரியே புதுப்பிக்கப் போகிறார்கள்; கட்டிய காலத்தில் அதற்கு என்ன வண்ணம் என்று கண்டுபிடிக்க வந்தவன். சட்டைப் பையில் சின்னக் கத்தி, கழுத்தில் பூதக்கண்ணாடி. கை சும்மா இருக்காது. டீக்கடை பெஞ்சு, மாடிப்படிக் கைப்பிடி, எதையும் விட்டுவைக்கவில்லை. இவனைக் கட்டிக்கொள்கிறவளின் மோதிரத்தையும் சுரண்டித்தான் பார்ப்பான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவள் யார் என்பதிலும் தெருவுக்குச் சந்தேகமில்லை. பெரியவரின் மகள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறாள். சுரண்டி ஊருக்குப் போகாமலே டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய் வருகிறான்.

இப்போது நிஜமாகவே ஊருக்குப் போக வேண்டியதாகிவிடும் போலிருந்தது. ரயில்வே இன்ஜினியர் வந்துகொண்டிருந்தார். ஆதாரத்தோடு வண்ணத்தைச் சொல்லாவிட்டால், ஸ்டேஷனுக்கு வழக்கமான மஞ்சள். சுரண்டிக்கு மூட்டை முடிச்சு.

"உங்க அப்பா எழுதின ஸ்டோர் கணக்குப்படி பச்சை பெயின்ட் வந்து இறங்கினது உண்மைங்க ஐயா. ஆனா ஸ்டேஷன்ல ஒரு சொட்டு இல்லையே. அப்போ அது எங்க போச்சு?"

பெரியவரின் முகம் சிவந்தது. ஸ்டேஷன் கட்டியபோது அத்தனை பெயின்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்த ஸ்டோர் கீப்பர் அவருடைய அப்பா. புதுப்பித்த கட்டடத்தின் வாசலில் அந்த அப்பாவின் பெயரைக் கல்லில் பொறிப்பதாக ஏற்பாடு. பெரியவர் அதற்காகப் புதுச்சட்டை கூடத் தைத்துவிட்டார்.

"வித்துத் தின்னுட்டார்ங்கறீங்க. அதானே?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க..."

சங்கடத்தில் சுரண்டி பக்கத்திலிருந்த மர பீரோ மேல் சாய்ந்தான். பழக்க தோஷம், கத்தி தானாக வெளியே வந்தது.

"கையை எடுய்யா!" பெரியவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் முழுசாகத் திறந்தது. "ஊரைச் சுரண்டினது போதாதா? என் வீட்டுச் சாமான்லயும் கை வெக்கிறியா?"

"அப்பா, அக்கம்பக்கம் பாக்குது" என்றாள் சமையலறை வாசலில் நின்ற மகள்.

"பாக்கட்டும்! அவங்களுக்கும் பொழுது போகணுமில்ல!"

வாசலில் ஜீப் வந்து நின்றது. இருவரும் சண்டையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள்.

இன்ஜினியர் இறங்கக்கூட இல்லை. "என்னப்பா, கலர் கிடைச்சுதா இல்லையா?"

சுரண்டி கத்தியைப் பையில் போட்டான். "ஸ்டோர் கணக்கு பச்சைங்குது சார். மரம் சாம்பல்ங்குது."

"நீ என்னங்கறே?"

சுரண்டி தலையைச் சொறிந்தான்.

"சரி, மஞ்சளையே அடிச்சிடுவோம். கல்லும் வேண்டாம், பேரும் வேண்டாம். நீ சாயங்கால வண்டிக்குக் கிளம்பு."

பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். ஜீப் உறுமியது.

"சார், ஒரு நிமிஷம்!" மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "நேத்து எங்க கவுன்ட்டர் பலகைக்குப் பின்னாடி பெயர்ந்து விழுந்துச்சு. சொல்ல மறந்தே போச்சு."

சுரண்டி பிரித்தான். நகத்தளவு பெயின்ட் துணுக்கு. ஒரு பக்கம் மரத்தூள், மறுபக்கம் ஆழ்ந்த பச்சை. பூதக்கண்ணாடியில் பார்த்தான். இன்ஜினியர் கொண்டுவந்திருந்த பழைய வண்ண அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். அச்சு அசல்.

ஒரு நடை போய் அந்தப் பலகையையும் பார்த்திருக்கலாம். அவன் பார்த்தது அவளைத்தான்.

"பச்சைதான் சார்!" என்றான்.

பெரியவர் துணுக்கைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து "தண்ணி" என்றார். சந்தோஷத்தில் நாக்கு உலர்ந்துவிட்டது என்று எதிர் வீட்டில் முடிவு செய்தார்கள்.

ஸ்டேஷன் பச்சையானது. 'பொதுச் சொத்தைக் கண்போல் காத்தவர்' என்று வாசல் கல்லில் தாத்தாவின் பெயர் ஏறியது. சுரண்டியின் கல்யாணமும் நடந்தது. தெரு எதிர்பார்த்தபடி, எதிர்பார்த்த பெண்ணோடுதான். வேறொரு ஊரில் வேறொரு பழைய கட்டடம் கிடைத்து இருவரும் குடிபெயர்ந்தார்கள். "உங்க தாத்தா காலத்து பீரோ, புது வீட்டுக்கு ஆகும்" என்று பெரியவர் பிடிவாதமாக அதை லாரியில் ஏற்றிவிட்டார். லாரி கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நின்றார். பாசம்தான், வேறென்ன!

புது வீட்டில் பீரோவைச் சுவரோரம் தள்ளிவிட்டு சுரண்டி ஓய்வாக நின்றான். கை சும்மா இருக்கவில்லை. மேலே வெள்ளை. அதன் கீழே நீலம். அதற்கும் கீழே, மரத்தை ஒட்டினாற்போல்...

பூதக்கண்ணாடியைத் தேடிய அவன் கை பாதியில் நின்றது. ஸ்டேஷன் பச்சை.

"என்னங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பீரோவைச் சுரண்டறதா இருந்தா, பின்பக்கம் கீழ் மூலையில நான் ஏற்கெனவே சுரண்டின இடம் இருக்கு. அங்கயே பாத்துக்கோங்க, புதுசா ஒரு இடத்தைக் கெடுக்காதீங்க."