கைக்கெட்டும் தூரம்

கதவை எட்டி உதைத்துக்கொண்டு முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே பாய்ந்தபோது பெர்னதெத் கையில் டீ டம்ளர் இருந்தது.

அடுத்து நடந்தது அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. பட்பட்டென்று சத்தம். புடவையெல்லாம் டீ. வயிற்றிலும் தோளிலும் சுரீர் சுரீர் என்றது.

அப்புறம் விசில் ஊதியது. முகமூடிக்காரர்கள் நெஞ்சில் நீலச் சாயத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பேரும் காலி. பிரமாதம் சார்," என்றார் பயிற்சி கொடுக்கும் இளம்பரிதி.

எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனி ஷெட் அது. நடுவில் சோபா, டீப்பாய், ஓடாத ஒரு ஃபிரிட்ஜ் என்று வீட்டு ஹால் மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய கடைக்காரர்களுக்கு இங்கேதான் பயிற்சி. சுவரில் காகிதத்தை ஒட்டிச் சுடுவதெல்லாம் இளம்பரிதிக்கு ஆகாது. நீங்கள் சோபாவில் சாய்ந்து டீ குடிக்கும்போதுதான் திருடன் வருவான், அதனால் வீட்டுக்காரம்மாவோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கி மட்டும் பொய். உள்ளே இருப்பது சாயக் குண்டு. கண்ணுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கண்ணாடி.

ஆரம்பிக்கும் முன்பே சொல்லியிருந்தார். "யோசிச்சு செய்யறதெல்லாம் இங்க வேணாம். பயத்துல கை தானா என்ன செய்யுதோ, அதைத்தான் அன்னைக்கும் செய்யும்."

செய்ததே.

புருஷன் பிரகாசத்தின் இடது கை அவள் புஜத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டது. வலது கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு சுட்டது. வந்தவர்கள் சுட்ட சிவப்பெல்லாம் அவள் புடவையில். குரூப் போட்டோ எடுப்பார்கள் என்று அவன் சொன்னதை நம்பி, பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்த சந்தனக் கலர் பட்டு.

பிரகாசம் தன் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் காட்டினான். "பாருங்க, எம்மேல ஒரு பொட்டுகூட இல்ல."

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இப்படிச் சட்டையைக் காட்டுவானா?

அந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வருவதே பெர்னதெத்துக்குப் பிடிக்கவில்லை. பிரகாசத்தின் டைல்ஸ் கடை வாசலில் எவனோ பைக்கில் வந்து கத்தியைக் காட்டிவிட்டுப் போன நாளிலிருந்து, லைசென்ஸ் லைசென்ஸ் என்று அலைந்தான். வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் சாமியாரிடமே சொன்னான்: "நான் செத்தாலும் பரவாயில்ல ஃபாதர், இவளுக்கு ஒண்ணு ஆயிடக்கூடாது." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விட்டுக்கொடுத்தாள். பைத்தியக்காரி, அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்புகூட வைத்தாள்.

இப்போது வந்தது கோபம்தான், வேறென்ன.

பர்னிச்சர் கடை கலீலுல்லாவின் மனைவி ஷரீபா பக்கத்தில் வந்து, தன் கைக்குட்டையால் புடவையில் இருந்த சிவப்பைத் துடைத்தாள். அவள் ஒருத்திதான் சரியாகப் பார்த்திருக்கிறாள் போல.

"வேணும்னா செய்வாரு? பயத்துல வர்றதுதானேக்கா," என்றாள் மெதுவாக.

"அதைத்தான் ஷரீபா நானும் சொல்றேன்."

பிரகாசத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு தடவை செய்யலாம் என்றான். இந்த முறை மேடம் இல்லாமல் பார்க்கலாமா என்று இளம்பரிதி கேட்டதற்கு, "இல்ல இல்ல, அவ இருக்கட்டும். அவ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு தைரியம்," என்று சிரித்தான்.

பெர்னதெத் போய் உட்கார்ந்தாள். மறுபடியும் டீ கொடுத்தார்கள். இந்தத் தடவை அவள் குடிக்கவில்லை, டீப்பாயில் வைத்துவிட்டாள். இன்னொரு முறையும் அந்தக் கை அப்படித்தான் செய்யுமா? அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் தடவை ஏதோ பதற்றம் என்று நினைத்துக்கொள்ளலாம். மாதாவே, இந்தத் தடவை என்னைப் பின்னால் தள்ளட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

கதவு அதிர்ந்தது.

அவள் எழுந்து இரண்டடி தள்ளி, ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றாள். திட்டம் போடவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிரகாசத்தின் இடது கை சோபாவில் அவள் இருந்த இடத்தைத் துழாவியது. மெத்தையைப் பிடித்தது, குஷனைப் பிடித்தது. கண் வாசலைப் பார்த்தபடியே இருந்தது. துப்பாக்கியை எடுக்கவேண்டிய வலது கை இடுப்பிலேயே நின்றுவிட்டது. அவள் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்த மாதிரி.

சாயக் குண்டு அவன் நெஞ்சில் வெடித்தது.

யாரும் கைதட்டவில்லை. விசில்கூடத் தாமதமாகத்தான் வந்தது.

அவன் சுட்டவனைப் பார்க்கவில்லை. தன் சட்டையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் தேடினான். ஃபிரிட்ஜ் பக்கத்தில் கண்டுபிடித்ததும் அவன் உதடு கோணிக்கொண்டு போனது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"என்ன விட்டுட்டு ஓடிட்டல்ல," என்றான். "உன்ன நம்பித்தானே உக்காந்துனு இருந்தேன்."

கலீலுல்லா போய் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மேடம், சார் கைக்கு எட்டுற மாதிரி உக்காருங்க. நீங்க நகந்தா அவரு என்ன பண்ணுவாரு?"

அத்தனை பேரும் பெர்னதெத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷரீபாவும்தான்.