பிடித்துத் தைத்த பேண்ட்

எடை குறைக்கும் ஆராய்ச்சி ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து தையல்காரர் பாதியாக இளைத்துவிட்டார். எடை குறைந்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கும் சோதனை அது. பக்கவாட்டில் நின்றால் கண்ணாடிக்கே ஆள் தெரியவில்லை. பேண்ட்டைத் தாமே பிடித்துத் தைத்து, உள்ளே மடித்திருந்த மிச்சத் துணியையும் வெட்டி எறிந்தார்.

"எதுக்குங்க வெட்டுறீங்க? திரும்பப் பெருத்தா?" என்றாள் மனைவி.

"எங்க பெருக்கிறது? ரெண்டு வாய்லயே வயிறு நிறைஞ்சிடுதே."

"இப்படியே போனா உங்களைத்தான் ஹேங்கர்ல மாட்டணும்."

சோதனை முடிந்த அன்று, கூட வந்த மனைவியைக் காட்டி, "இவளுக்கும் அந்த மருந்தைப் போடுங்க டாக்டர்," என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பாதிப் பேருக்குத்தான் மருந்து. மத்தவங்களுக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு இன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. உங்களுக்குப் போட்டது தண்ணி."

"அப்ப இவர் எதனால இளைச்சார்?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தாம்மா உடனே ஸ்கேன் எடுக்கணும்."

தையல்காரர் நழுவிய பேண்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத் துணியை வெட்டிட்டேனே," என்றார் அவளிடம்.