வாய் நிறையச் சம்மதம்

நோயாளி சம்மதிக்காமலே பல்லைப் பிடுங்கிய பல் மருத்துவர் ஃபென்விக் தன் தவறை உணர்ந்துவிட்டாரா? உணர்ந்திருந்தால் தொழிலில் நீடிக்கலாம். இல்லையென்றால் உரிமம் போய்விடும். லண்டன் விசாரணைக் குழுத் தலைவி மெரியலுக்கு அதுதான் பிடிபடவில்லை.

“பல்லைப் பிடுங்கட்டுமான்னு கேட்டேன் மேடம். அந்தம்மா ‘ஆ’ன்னு சம்மதிச்சாங்க!”

“அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?”

“அவங்க வாய்க்குள்ளதான்.”

மெரியல் ஒரு டாஃபியை நீட்டினார். அது ஃபென்விக்கின் பற்களில் நன்றாக ஒட்டிக்கொண்டதும் கேட்டார்.

“உங்க உரிமத்தை ரத்து பண்ணிடலாமா டாக்டர்?”

“ம்ம்! ம்ம்ம்!”

“சம்மதிச்சுட்டார்னு எழுதிக்குங்க” என்றார் எழுத்தரிடம்.

ஃபென்விக் பதறிப்போய் டாஃபியை விழுங்கினார். “ஐயோ, வேணாம்னுதானே சொன்னேன்!”

“அந்தம்மாவும் அதைத்தான் சொன்னாங்க.”

ஃபென்விக்கின் முகம் சிவந்துபோனது.

“இப்பதான் உணர்ந்தீங்க. உரிமம் பிழைச்சுது. இனிமே எப்படிக் கேப்பீங்க?”

“வாயிலேர்ந்து கையை எடுத்துட்டுத்தான் மேடம்!”