மூடி இல்லாத தட்டு

தட்டில் ஒரு ஈ கூட இல்லை.

ஷாமலா தன் ஆய்வைக் கவனிக்கும் சாரைக் கூப்பிடத்தான் போனாள். போன கையோடு திரும்பியும் விட்டாள். அதற்குள் எப்படி?

நேற்றுத்தான் கூட்டிலிருந்து வெளிவந்த பழ ஈக்கள். ஐஸில் மயக்கி, வெள்ளை டைல் துண்டொன்றில் பரப்பி, அதைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்திருந்தாள். எறும்புக்குப் பயந்து சீனிப் போத்தலை வைப்போமே, அதே மாதிரி. இங்கே ஈ இறங்கிப் போகாமல் இருக்க. மூடி கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வுகூடத்தில் யாரும் மூடி தேடியதே இல்லை.

ஏனென்றால் அவை பறக்காத ஈக்கள். இறக்கை இருக்கும், அதை அடிக்கத் தசை இருக்காது. தசையை எப்படிக் கட்டுவது என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் மரபணு அவற்றில் கெட்டுப்போயிருந்தது.

நல்ல மரபணுவை முட்டையிலேயே வைத்து, தசை வளருமா என்று பார்ப்பதுதான் ஷாமலாவின் ஆய்வு. இரண்டு தடவை தோற்றாயிற்று; தட்டில் வைத்தவை மூன்றாவது தடவையின் ஈக்கள். இந்தத் தடவையும் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். இப்போது சரிவந்ததா என்று பார்க்கவே ஈ இல்லை.

தண்ணீரிலும் ஒன்றும் மிதக்கவில்லை.

நிமிர்ந்தாள். சுவரில் பல்லி. அந்த அறையில் ஓசிச் சாப்பாட்டுக்குப் பழகிய பழைய ஆள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூலையில் கிடந்த, தரை கூட்டும் தும்புத்தடியைத் தூக்கினாள்.

வாசலில் அம்பிகைபாகன் சார் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் பல்லி தின்னுருச்சி சார்!"

சார் தட்டைப் பார்த்தார். பல்லியைப் பார்த்தார். அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. தும்புத்தடியைச் சட்டை செய்யாமல் அது மேலே டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே மழை இருட்டு. லைட்டைச் சுற்றிக் கடுகு கடுகாக என்னவோ பறந்துகொண்டிருந்தது.

சாரும் தலையை நிமிர்த்தி லைட்டைப் பார்த்தார். பிறகு கத்தினார்.

"கதவைச் சாத்தும் பிள்ளை, கெதியாச் சாத்தும்!"

இரண்டு வருடமாகக் கட்டை முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடந்த கதவு. ஷாமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கட்டையைக் காலால் உதைத்தாள்.