ஆறாம் எண் படிகம்

"இன்னா மேடம் இது? முடி மாதிரி ஒரே ஒரு கோடு. இதுக்குப் போயி ரிஜெக்ட் பண்ணுவீங்களா?"

எக்ஸ்ரே அறை உதவியாளர் ஜெரோம் கேட்டார். ஓவியா கணினித் திரையில் இருந்த ஆறாம் எண் படிகத்தின் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். சாம்பல் பரப்பின் குறுக்கே அந்தக் கறுப்புக் கோடு ஓரம்வரை ஓடியது.

மின்சாரக் கார்களுக்கான மின்னணுச் சிப் செய்ய உதவும் படிகம் அது. கண்ணுக்குச் சுத்தமான கண்ணாடித் துண்டு போலத்தான் இருக்கும். உள்ளே அணுக்களின் வரிசை எங்கே பிசகியிருக்கிறது என்பது எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். அதைப் படிப்பதில் ஓவியாவை மிஞ்சத் தாம்பரத்தில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. அவளும் ஆய்வு மாணவிதான் என்றாலும், அங்கே யார் படிகம் வளர்த்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். பெயர்ப் பட்டியல், ஒட்டி மூடிய உறைக்குள் ஜெரோமிடம் இருக்கும்.

"இந்தத் தடவ ஆறு பேரோடது வந்துச்சு. தேறினா சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனில வேலை. தேறலன்னா திரும்ப வளர்க்க உலைக்கு முறை வர ஆறு மாசம். ஸ்காலர்ஷிப்போ மார்ச்சோட கட்" என்றார் ஜெரோம்.

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா? இது நிஷா பொண்ணோடதுதான், எனக்குத் தெரியும். காலைலேர்ந்து படிக்கட்டுலயே உக்காந்துகினு கீது. டீ வாங்கிக் குடுத்தேன், வேணாம்னுடுச்சு."

ஓவியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துவிட்டுப் போயிற்று.

"கோடு ஓரத்துலதானே கீது? இன்னும் கொஞ்சம் தள்ளி எடுத்தா படத்துலயே வராது. யாருக்குத் தெரியப் போவுது?"

"படத்துல வராது. படிகத்துல இருக்கும். நாளைக்கு அது ஒரு வண்டியோட சார்ஜர்ல உக்காந்திருக்கும். சூடேறச் சூடேற இந்தக் கோடு வளரும்ணா."

"மனசே கல்லு உங்களுக்கு."

அவள் சிரிக்க முயன்றாள். "இது யாரோடதுன்னு பார்க்காம பேசறேன்னு நெனக்கிறீங்களா? அறுத்த விளிம்பைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரிஞ்சிடும்."

"அப்புறமுமா?"

"அதனாலதான் மூணு வாட்டி எடுத்தேன்."

ஜெரோமுக்கு அது உறைத்தது. மற்ற படிகங்களுக்கெல்லாம் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொண்டவள் இதற்கு மட்டும் கோணத்தை மாற்றி மாற்றி மூன்று எடுத்திருந்தாள். மூன்றிலும் கோடு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவும் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. பாவம், நிஷாவுக்காக இவளும் எவ்வளவோ தவித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஓவியா படிவத்தை இழுத்து, 'குறை உள்ளது. ஏற்கத் தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"கையெழுத்து போட்டாச்சு. இனிமே பேசி இன்னா" என்றார் ஜெரோம். அவர் குரலில் கோபம் போயிருந்தது. "பத்தொன்பது வருசமா இந்த ரூம்ல கீறேன் மேடம். உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்ல. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?"

"நீங்க உறையைப் பிரிச்சு ரிப்போர்ட்ல பேரை ஏத்துங்கண்ணா. நிஷாகிட்ட நானே சொல்றேன். நல்லபடியாச் சொல்றேன்." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

ஜெரோம் மனமில்லாமல் உறையைக் கிழித்தார். அடுத்த நிமிடம் வெளியே நிஷா சந்தோஷத்தில் கூவுவது கேட்டது. குழம்பிப் போய்ப் பட்டியலைப் பார்த்தார். நிஷாவின் பெயர் காலையிலேயே தேறிவிட்ட படிகத்துக்கு நேரே இருந்தது.

ஆறாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயர், ஓவியா.