தட்டில் ஒட்டிய கருப்பு

“தட்டுல என்ன இது, கருப்பா? ஒழுங்கா கழுவ மாட்டியா?” என்று கணவர் வெங்கடகிருஷ்ணன் தோசையோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

மாளவிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தட்டையும் கையால் தேய்த்துக் கழுவி, டிஷ்வாஷருக்குள் அடுக்கிக் காயவைப்பவள் அவள். இந்த மனுஷனோ சனிக்கிழமையானால் கார் சக்கரங்களைப் பளபளப்பாக்கி, எடிசன் ஊர் முழுக்கப் பெருமையடிப்பதோடு சரி.

“கார் வீலுக்குப் பண்ற சேவைல பாதி இந்த சிங்க்குக்குப் பண்ணா என்ன?”

“டிஷ்வாஷர் எதுக்கு இருக்கு? அதைப் போய் தட்டு ஸ்டாண்டா வெச்சிருக்க. ஆன் பண்ணு.”

“அதுல பிசுக்கு போகாது.”

“யார் சொன்னா? கார் வீல்ல ஒட்டுற பிரேக் தூசியே போகுது. நாலு வீல் கப்பையும் கழட்டி உள்ள வெச்சு...”

சட்டென்று நிறுத்தினார்.

மாளவிகா கரண்டியைக் கீழே வைத்தாள். “எத்தனை நாளா இது?”

“நீதான் அதை யூஸ் பண்றதே இல்லையேன்னு... வாரா வாரம், நீ கோயிலுக்குப் போனதும்.”

அவள் அதே தட்டில் இன்னொரு தோசையைப் போட்டு, அவர் முன்னால் நகர்த்தினாள்.

“சாப்பிடுங்க. உங்க வீல்ல இருந்ததுதான்.”