தூக்கிய கால்

கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாக்கித் தருவது நிலோபரின் தொழில். ஞானதுரையின் வீட்டை அவள் அங்குலம் அங்குலமாகக் கணினியில் எழுப்பியிருந்தாள். இப்போதிருக்கும் வீட்டில் அவரைச் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கித்தான் தெருவில் இறக்குவார்கள். அதனால் புது வீட்டு வாசலில் படியே கிடையாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம். மரம், வெயில், மனிதர்கள் இவற்றை மட்டும் சேர்த்துத் தரும்படி ஏஐயிடம் கொடுத்தாள். அது மரத்தை இலை இலையாக வரைந்தது. சாய்தளத்தை அழித்துவிட்டு மூன்று படி வைத்தது. அது பார்த்த வீடுகளிலெல்லாம் படி இருந்திருக்கும். படி வேண்டாம் என்று எழுதினாள். நான்கு படி வந்தது, ஓரத்தில் பூந்தொட்டியோடு. ஒன்பதாவது முறை பொறுமை போய், சாய்தளத்தை அது தொடவே முடியாதபடி பூட்டிவிட்டு, மற்றதை அதனிடம் விட்டாள். படம் பிரமாதமாக வந்தது.

மறுநாள் ஞானதுரைக்குத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் கவனித்தாள். சாய்தளத்தின் அடியில் ஓர் ஆள், இல்லாத படியில் வைப்பதற்காக வலது காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். அவள் முகம் சுண்டிவிட்டது.

“சாரி சார், அதுவா போட்ட ஆளு. இப்பவே எடுத்துடறேன்.”

ஞானதுரை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போய், அந்தத் தூக்கிய காலையே வெகுநேரம் பார்த்தார்.

“படியத் தேடுறாரு, பாவம்,” என்றார். “எடுக்காதம்மா, நிக்கட்டும். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”